கீழ்வயலுக்குப் போகும் தண்ணீர்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளிக் கடைவீதியில் எனக்கு 'ரஷ்யா சாரு' என்று பெயர். பக்கத்துச் சித்தூரில் ஒரு கல்லூரியில் ரஷ்ய வரலாறு நடத்திக்கொண்டிருந்த காலத்தில் மாணவர்கள் வைத்தது. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் கட்சிக்காரர்கள் இருப்பார்கள், கட்சியை விட்டுப் போனவர்கள் இருப்பார்கள், எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். ரஷ்யா சண்டையில் இறங்கி, மற்ற நாடுகள் அதனோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்திய பிறகு, நான் உள்ளே நுழைந்தாலே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏனுங்க சாரு, எல்லாருங் கதவச் சாத்திப்புட்டாங்களாமா. உங்காளுக கஞ்சி குடிக்கறாங்களா இல்லீங்களா?"

"கஞ்சியா? அவிங்ககிட்ட கேஸு இருக்குது, எண்ணெ இருக்குது, கோதுமெ இருக்குது. என்னத்துக்கு ஒருத்தங்கிட்டக் கையேந்தோணும்?" என்று இன்னொருவர் எனக்காகப் பதில் சொல்வார்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாடு தன்னந்தனியாக நிற்க முடியுமா, நிற்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் என்னிடம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் இருந்தது. இப்போது இருப்பது ஒரு வயலின் கதை. அதில் நான் நல்லவன் இல்லை. ஊரார் அதைச் சொல்லும்போது, புத்தகம் படித்துப் படித்து உலகம் தெரியாமல் போன அப்பாவிக் கிழவனாக என்னை ஆக்கிவிடுகிறார்கள். அது பொய். செய்ததைத் தெரிந்துதான் செய்தேன். அப்பாவி என்ற பட்டம் எனக்கு வேண்டாம்.

கல்லூரிக்கு வருவதற்கு முன், இளவயதில், பீர்மேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயங்களிலிருந்து வருகிற பிள்ளைகள். ஒரு மழைக்காலத்தில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை முதலாளி பூட்டிவிட்டுப் போய்விட்டார். கூலி நின்றதை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். லயத்துக் குழாயும் நின்றுபோனதை யாரும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீரை மேலே ஏற்றுகிற மோட்டாரும் தோட்டத்துடையதுதானே. பள்ளிக்கு வராத ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவளுடைய தாய் குடத்தோடு ஓடையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"வீடு அவுகளுது, கொழா அவுகளுது, வெளக்கு அவுகளுது. இந்தக் கையி ரெண்டுந்தான் எங்களுது சார்," என்றாள். "அத வச்சி என்னத்தக் கிள்ள? செடியும் அவுகளுதுதான."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையில் அடுத்தவன் கைக்குள் இருக்கிற குழாயை நம்பி ஒரு நாளும் இருக்கக் கூடாது என்று அந்த லயத்து வாசலில் நினைத்தேன். நினைப்பு சரிதான். இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். என் குழாயை நம்பி இன்னொருத்தி இருப்பாள் என்பது மட்டும் அந்த நினைப்பில் இடம்பெறவே இல்லை.

கல்லூரியில் ரஷ்யக் கிராமத்தைப் பற்றிய பாடத்தைப் படம் போட்டுத்தான் தொடங்குவேன். கரும்பலகையில் ஒரு பெரிய சதுரம், அதற்குள் நெடுக நெடுகக் கோடுகள். பழைய ரஷ்யக் கிராமத்தில் நிலம் ஊர்ச்சபையின் பொது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இங்கே ஒரு கீற்று, அங்கே ஒரு கீற்று என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் எல்லாரும் ஒன்றாக உழ வேண்டும், ஒன்றாக விதைக்க வேண்டும், ஒன்றாக அறுக்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் ஊர் மாடுகளை மொத்தமாக அந்தத் தாளில் மேய விடுவார்கள். ஒருவன் மட்டும் பிந்தி விதைத்திருந்தால் அவன் பயிர் மாட்டு வாய்க்குத்தான். வரியும் ஊருக்கு மொத்தமாக விதிக்கப்பட்டது. ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். சபை அனுமதிக்காமல் ஒருவன் வெளியூருக்கு வேலைக்குப் போகவும் முடியாது.

புரட்சிக்குச் சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பிரதமர் சட்டம் கொண்டுவந்தார். விரும்பியவர்கள் சபையிலிருந்து விலகித் தங்கள் கீற்றுகளை ஒன்றாக்கித் தனி வயலாக எடுத்துக்கொள்ளலாம். விலகியவர்கள் உண்டு. அப்படி விலகியவர்களின் வைக்கோல் போருக்கு அண்டை வீட்டுக்காரனே தீ வைத்ததும் உண்டு. நான் எப்போதும் விலகியவர்கள் பக்கம். ஒரு தடவை கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், வெலகிப் போனவனுக்கு மழையும் தனியாப் பேஞ்சுதுங்களா?" வகுப்பே சிரித்தது. அவனை வெளியே நிற்கச் சொன்னேன். அவன்தான் இன்று எங்கள் பாடசேகர சமிதியின் செயலாளர்.

ஒரே வாய்க்காலில் பாயும் அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்துப் பாடசேகரம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த வாரம் நாற்று விடுவது, எப்போது நடுவது, அறுவடை மிஷின் எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்பதையெல்லாம் சமிதி கூடி முடிவு செய்யும். என் வயல் நடுவில் கிடக்கிறது. வாய்க்கால் எனக்கு மேலே இருக்கும் வயலோடு முடிந்துவிடும். அங்கிருந்து வரப்பில் வெட்டிய மடை வழியாகத் தண்ணீர் என் வயலுக்குள் வந்து, என் வயல் நிறைந்த பிறகு கீழ் வரப்பில் உள்ள மடை வழியாகக் கீழ்வயலுக்குப் போகும். கீழ்வயலுக்கென்று தனி வாய்க்கால் கிடையாது. எல்லாரும் ஒன்றாக விதைத்து ஒன்றாக அறுப்பதால் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும், ஒரே சமயத்தில் வேண்டாம். தனி வாய்க்காலுக்கு அவசியமே வந்ததில்லை.

கீழ்வயல்காரி தூரத்து உறவில் எனக்கு மருமகள் முறை. ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்காமல் தானே நின்று விவசாயம் செய்தாள். அவள் புருஷனின் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரிக்காத நிலம் அது. அவள் உழுகிற வரைக்கும் அவளுடையது. அவள் கையை விட்டால் அவர்கள் விற்றுவிடக் காத்திருந்தார்கள். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வயலில் முழுமூச்சாக இறங்கினேன். இரண்டாம் போகத்துக்கு வேண்டிய தண்ணீர் தமிழ்நாட்டுப் பக்கத்து அணையிலிருந்து வர வேண்டும். அவர்கள் திறக்க வேண்டும், அதற்கு இங்கே இருப்பவர்கள் கேட்க வேண்டும், பிறகு ஆற்றில் வந்து, கால்வாயில் திரும்பி, முறைவைத்து, மேல்வயல்காரர் மடையை வெட்டி, அப்புறம்தான் என் பயிரின் கால் நனையும். ஒவ்வொரு வருடமும் பேப்பரில் இரண்டு அரசுகளும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொள்ளும் செய்தியைப் படித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். எனக்கு அலுத்துவிட்டது. ஓய்வுப் பணத்தில் வயலில் போர்க்கிணறு போட்டேன். நல்ல தண்ணீர் வந்தது. அன்று நான் வரப்பில் நின்றது ஒரு நாட்டின் விடுதலை நாளில் அதன் தலைவர் மேடையில் நிற்பது போல இருந்ததாக என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

அந்த வருடம் சமிதிக் கூட்டத்துக்குப் போகவில்லை. குறுகிய வயதுள்ள நெல்லை வாங்கி, மற்றவர்கள் உழவே தொடங்காத சமயத்தில் நட்டுவிட்டேன். செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"சார், தனியா நட்டா தனியா முத்துமுங்க."

"முத்தட்டும். முன்னாடி அறுத்து முன்னாடி விப்பேன்."

"மாடு மேயற படம் போட்டுக் காட்டுனீங்களே சார், ஞாபகம் இல்லீங்களா? இங்கெ மாட்டுக்குப் பதுலா மயிலுங்க. எல்லா வயலும் ஒண்ணா முத்துனா ஆளுக்குக் கொஞ்சம் திங்கும். உங்குளுது மட்டும் முத்துனா பந்தி உங்க வயல்லதான்."

படம் எனக்கு ஞாபகம் இருந்தது. முப்பது வருடம் நானே வரைந்த படம். ஆனால் அதை வரைந்தபோதெல்லாம் அந்தச் சதுரத்துக்கு வெளியே, சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன். செயலாளரிடம் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

தை பிறந்தபோது என் வயல் மட்டும் பழுத்து நின்றது. சுற்றிலும் பச்சை. மலைப் பக்கத்து மயில்கள் எல்லாம் வந்து இறங்கின. ராத்திரியில் பன்றிகள் வந்து புரண்டன. மிஷின்காரனைக் கூப்பிட்டேன். அவன் வந்து ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு, "ஆரு பயிரு மேல ஏத்தி வரச் சொல்றீங்க?" என்று கேட்டான். ரோட்டுக்கும் என் வயலுக்கும் நடுவே கதிர் வாங்கும் பருவத்தில் நாலு பேருடைய வயல். வழி கேட்டுச் சமிதிக்குப் போனேன். வராண்டாவில் இருந்தவர்கள் ரொம்ப மரியாதையாகச் சிரித்தார்கள்.

"சாருக்கு ஹெலிகாப்டர்லதானுங்க மிஷின் இறக்கோணும்."

"ரஷ்யாவுல சொன்னா அனுப்பி வெப்பாங்களே!"

முகம் எரிய வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் கால்வாயில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது. பழுத்த பயிருக்குள் தண்ணீர் ஏறினால் தாள் இளகிச் சாய்ந்துவிடும். மேல்மடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வயல்காரி வரப்பில் வேகமாக நடந்து வந்தாள்.

"மாமா, ஏனுங்க மடையச் சாத்தீட்டீங்க? மொறைத் தண்ணி வந்திருச்சுங்க."

"என்ற பயிரு முத்திருச்சு. இப்பத் தண்ணி பூந்தா அத்தனையும் படுத்துக்கும்."

"எனக்குக் கதுரு வார நேரமுங்க. இப்ப இல்லாம பின்னெ எப்பங்க?"

"சமிதில போய்க் கேளு. எல்லாத்துக்கும் சட்டம் போடறவங்க அவங்கதானே."

"சமிதியுங்களா எனக்கு மேல்வயலு? நீங்கதானுங்க."

"அவனவனுக்கு வேண்டிய தண்ணிய அவனவன் பாத்துக்கோணும் அம்மணி. நான் பாத்துக்கலியா?"

இதைச் சொன்னேன். இந்தச் சொற்களைத்தான் சொன்னேன். நான் மண் போட்டு அடைத்த மடையை அவள் பார்த்தாள். வந்த வரப்பிலேயே திரும்பிப் போனாள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் பயிரைக் காப்பாற்றுவதற்காக மடையை அடைத்தேன் என்றால் அது நியாயம். ஆனால் என் போர்க்கிணறு இருந்தது. முத்திய பயிருக்குத் தண்ணீர் தேவையில்லாததால் மோட்டார் சும்மா நின்றது. ஹோஸ் கொட்டகையில் சுருண்டு கிடந்தது. அதை வரப்போரமாக இழுத்து அவள் வயலில் போட்டு சுவிட்சைத் தட்டியிருந்தால் போதும். விவசாய மோட்டாருக்குக் கரண்டுக்குக் கூடக் காசு கட்ட வேண்டியதில்லை. இது பிற்பாடு தோன்றிய யோசனை இல்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. செய்யவில்லை. முந்தின நாள் வராண்டாவில் சிரித்தவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. இவளைச் செய்ய முடிந்தது.

அவள் வயல் வெடித்தது. கதிர் வெளியே வந்து பதராக நின்றது. என் வயலில் மயிலும் பன்றியும் மிச்சம் வைத்த நெல், மிஷினுக்குக் காத்திருந்து காத்திருந்து மணியாக உதிர்ந்து மண்ணில் கிடந்தது. இரண்டு வயலிலும் சேர்த்து உருப்படியாக அறுத்தது வைக்கோல்தான். அதற்குப் பிறகு வழியில் பார்த்தால் அவள் என்னை 'சார்' என்று கூப்பிட்டாள்.

அடுத்த வருடம் நான் சமிதிக்குத் திரும்பிப் போனேன். கேலியை எல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் கீழ்வயல் தரிசாகக் கிடந்தது. அதற்கடுத்த போகமும் கிடந்தது. கோரை முளைத்து ஆள் உயரம் நின்றது. வரும் இரண்டாம் போகத்திலும் நடவில்லை என்றால் விற்றுவிடுவது என்று அவள் கொழுந்தன்மார் முடிவு செய்துவிட்டார்கள், ஆளும் பார்த்துவிட்டார்கள் என்று செயலாளர் சொன்னார். "எத்தன தடவ சொல்லியாச்சுங்க சார். நாத்து உட மாட்டேங்கறாங்க."

ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். கையை நிறுத்தவில்லை.

"நான் பண்ணுனது தப்பு," என்றேன். "மடையை இனி எப்பவும் அடைக்க மாட்டேன். நீ தைரியமா நாத்து விடு. என்ற வயலு எப்படிப் போனாலும் சரி, உனக்குத் தண்ணி வரும்."

"வேண்டாமுங்க."

"ஏன்?"

"இப்ப உங்குளுக்கு நல்ல மனசு. செரி. நல்ல மனசு இருக்கற வரைக்கும் தண்ணி வரும். ஒரு நா ஆராச்சும் உங்களப் பாத்துச் சிரிச்சாங்கன்னா?" மாடு தலையை விட்டுத் தள்ளியது. அதன் மூஞ்சியில் ஒரு தட்டுத் தட்டினாள். "அப்பறம் உங்களுக்குப் பின்னால உங்க பையன் இருக்கறான். அவனுக்கு எப்படி மனசுன்னு எனக்கெங்கெ தெரியும்? நான் வருசா வருசம் உங்கூட்டுக்கு வந்து ஆரு மூஞ்சி எப்படி இருக்குதுன்னு பாத்துப்போட்டு நாத்து உடறதுங்களா?"

"அப்ப என்னதான் வேணும்?"

"வாய்க்காலு. உங்க வயலுக்கு நடுவால, மேல்மடையிலிருந்து நேரா என்ற வயலுக்கு. ரெண்டு பக்கமும் கரை கட்டி. பத்தரத்துல எழுதிக் குடுங்க. அப்பறம் நாத்து உடறேன்."

வரப்போரமாக வெட்டலாமே என்றேன். வடக்கு வரப்பு மேடு, தெற்கு வரப்பு அடுத்தவருடையது, தண்ணீர் ஓடக்கூடிய வாட்டம் நடுவில்தான் இருக்கிறது என்பது எனக்கே தெரியும். சும்மா கேட்டேன். அவள் அடுத்த மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஒருவன் வாசலில் வந்து தப்பை ஒத்துக்கொள்கிறான், அவனிடம் நிலத்தைக் கேட்கிறாள்! நடுவில் கீறினால் வயல் இரண்டாகிவிடும். மிஷின் திரும்ப இடம் போதாது. ஒற்றுமையாக இருக்கலாம் என்று நான் வந்தால் அவள் தனி வழி கேட்கிறாள். இவளுக்கு நம்பிக்கை என்றால் என்னவென்று தெரியாதா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் பயறு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மடையத் தொறக்கறக்கு மனசு வந்துச்சு. மடையே உங்க கையில இல்லாமப் பண்றக்கு வர்லீங்களாக்கும்."

அன்றைக்கு எனக்கு நானே பாடம் நடத்தினேன். சோவியத் காலத்தில் நடு ஆசியக் குடியரசுகளிடம், நீங்கள் பருத்தி மட்டும் போடுங்கள், சாப்பாட்டுக்குக் கோதுமை நாங்கள் அனுப்புகிறோம் என்று சொன்னார்கள். அதற்குச் சகோதரத்துவம் என்று பெயர் வைத்தார்கள். வகுப்பில் அதை நான் சொல்லும்போது ஒரு கேள்வி கேட்பேன்: கோதுமை வருகிற ரயிலை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இரண்டு பேரில் ஒருவன் கையில் மட்டும் அந்த அதிகாரம் இருந்தால் அதற்கு வேறு பெயர் என்று சொல்லித் தருவேன். தன் காலில் நிற்பதற்கு இயந்திரம் வேண்டும், இயந்திரத்தை வெளிநாட்டில் வாங்கப் பணம் வேண்டும் என்று, தன் கிராமங்கள் பசியில் கிடந்தபோதே தானியத்தைக் கப்பலேற்றிய அரசைப் பற்றியும் சொல்லித் தருவேன். அவர்களுடைய சொந்தக் கால் யார் வயிற்றின் மேல் நின்றது என்று கேட்பேன். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் அப்படியே எழுதுவார்கள், மார்க் போடுவேன்.

பீர்மேட்டில் குடத்தோடு ஏறி வந்த பெண்ணிடம் தோட்டத்து முதலாளி வந்து, "இனிமேல் குழாயை மூட மாட்டேன், என்னை நம்பு" என்று சொல்லியிருந்தால் நான் அவளை என்ன சொல்லச் சொல்லியிருப்பேன்?

பதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்கு வெட்கத்தைவிட வீம்புதான் வந்தது. என் குணம் அது. வெட்டுவது என்று முடிவு செய்தேன். அதற்கப்புறம் எதிர்த்தவர்களோடு சண்டை போடுவது எனக்குச் சுகமாகவே இருந்தது.

முதலில் மகன். பெங்களூரிலிருந்து போனில் பேசினான். "நடுவயல்ல கீறி உட்டா நாளைக்கு ஆருப்பா வாங்குவாங்க?"

"நான் விக்கறதா எப்பச் சொன்னேன்?"

"பத்தரம் போட்டுக் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாதுப்பா."

"அதுக்குத்தான் பத்தரம்."

பிறகு சமிதி. செயலாளருக்கு நிஜமாகவே கவலை. "இன்னைக்கு இவங்களுக்கு. நாளைக்கு ஒவ்வொருத்தரும் தனி வாய்க்கால் கேப்பாங்க. பாடசேகரம் முழுசும் வாய்க்காலாப் போயிருமுங்க சார். நெல்லு எங்கெ நடறது?" அது அசட்டுக் கேள்வி இல்லை. பின்வரிசையில் இருந்த ஒருவர் அதைக் கெடுத்தார்: "தனியாப் போறன்னு போயி மூக்கு ஒடஞ்சு வந்தாரு. இப்ப அடுத்தவிங்களத் தனியாப் போகச் சொல்லித் தாராரு." எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமா, ஒடஞ்சுது," என்றேன். "ஒடஞ்ச மூக்கோடதான் சொல்றேன். வெலகிப் போக வழியே இல்லாம ஒருத்தரப் பிடிச்சு வெச்சுட்டு அதுக்கு ஒற்றுமைன்னு பேரு சொல்லாதீங்க. நான் தப்புப் பண்ணுனப்ப இந்தச் சமிதி என்ன பண்ணுச்சு? சிரிச்சுது. அவ வயலு காஞ்சப்ப ஒரு ஆளு மம்பட்டி எடுத்துட்டு வந்து என்ற மடைய வெட்டி உடலியே. நான் தடுத்திருப்பேன். ஆனா நீங்க வரலியே."

சிரிப்பு நின்றது. கதவோரம் உட்கார்ந்திருந்த அவள் அப்போதுதான் பேசினாள்.

"நான் வெலகறேன்னு ஆருங்க சொன்னா? நாத்து உடறதுன்னா எல்லாருங்கூடத்தான் உடுவேன். அறுக்கறதும் கூடத்தான். தண்ணி மட்டும் ஆரு மூஞ்சியும் பாக்காம வரோணும். அவ்வளவுதானுங்க."

செயலாளர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் சம்மதித்தால் சமிதிக்கு ஆட்சேபணை இல்லை என்று, ஆட்சேபணை உள்ள முகத்தோடு சொன்னார்.

முதல் போகம் அறுத்து முடிந்ததும் ஜேசிபி வந்தது. மேல்மடையிலிருந்து கீழ்வரப்பு வரைக்கும் என் வயலைக் கீறிக்கொண்டு போனது. பார்க்க நன்றாக இல்லை. பெருந்தன்மை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எத்தனை மூட்டை நெல் போகும் என்று கணக்குப் போட்டேன். அவள் கரைமேல் கூடவே நடந்து வந்து, "இன்னும் கொஞ்சம் அகலம் வேணுங்க, கரை சரிஞ்சா தூந்துரும்" என்றாள். அகலமாக வெட்டச் சொன்னேன். சித்தூரில் பத்திரம் பதிந்த அன்று, வெளியே வந்ததும் அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

கோரையை வெட்டி எரித்தாள். நாற்று விட்டாள். எல்லாரும் நட்ட வாரத்தில் நட்டாள். முதல் முறைத் தண்ணீர் அந்த வாய்க்காலில் என் வயலைத் தொடாமல் கடந்து போவதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். விற்கிற பேச்சை அவள் கொழுந்தன்மார் இந்தப் போகத்துக்கு எடுக்க முடியாது. மற்றது அடுத்த போகத்தில்.

போன வாரம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. வாய்க்கால் கரை நடுவில் நிற்பதால் என் வயலில் ஒரு பாதியின் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் தேங்கிவிட்டது. நட்ட நாற்று மூழ்கிவிட்டது. கரையில் ஒரு வெட்டு வெட்டினால் வாய்க்கால் வழியாக ஓடி வடிந்துவிடும். வாய்க்கால் அவளுடையது. இன்று காலையில் குடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"உன்ற வாய்க்கால்ல கொஞ்சம் வடிச்சுக்கட்டுமா?"

"நேத்துத்தானுங்க உரம் வீசியிருக்கறேன்," என்றாள். "இப்ப உட்டீங்கன்னா அத்தனையும் அலசிட்டுப் போயிரும். நாளான்னிக்கு வெட்டிக்குங்க."

"நாளான்னிக்குள்ள நாத்து அழுகிப் போகும்."

"மூலையில கொஞ்சம் போகுமுங்க. மத்தது நிக்கும். போனதுக்கு என்ற நாத்து மிச்சம் இருக்குது, பொறவு எடுத்து நட்டுக்கலாம்."

அதில் பழி எதுவும் இல்லை. அவள் பயிருக்கு எது நல்லதோ அதைச் சொன்னாள், என் பயிருக்கு என்ன ஆகும் என்பதையும் சரியாகச் சொன்னாள். வயலுக்குத் திரும்பி வந்து நின்றேன். ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டுச் செயலாளர் மழைக்கோட்டோடு இறங்கி வந்தார். நாற்று மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தார்.

"என்னங்க சார் இது, உங்க நெலத்துல உங்க தண்ணி நிக்குது. மம்பட்டி இருக்குது, ரெண்டு வெட்டு வெட்டி உடட்டுங்களா?"

"கேட்டாச்சு. நாளான்னிக்குத்தான்னு சொல்லிருச்சு."

"அதுக்குள்ள போயிருமுங்களே!"

"போகட்டும். மம்பட்டிய எடுத்துட்டுப் போ."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நாளை கடைவீதியில் இதையும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லட்டும். மூலையில் நாற்றின் நுனி மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. நாளை மறுநாள் வரைக்கும் மழை பெய்யாமல் இருந்தால் பாதியாவது தேறும்.